மேட்டு நிலமும் மேய்ச்சல் உரிமையும்: பேரிடர்க்காலக் கால்நடைக் காப்பு

பேரிடர்க்காலத்தில் கால்நடைகளைக் காத்தல் அண்மைக்கால அரசு நிருவாகத்தின் பணியாகவே பெரிதும் பேசப்படுகின்றது. அதன் தொன்மையான பதிவொன்று பத்துப்பாட்டில் உண்டு. நக்கீரரின் நெடுநல்வாடைத் தொடக்கத்தில், பெருமழை வெள்ளத்தை வெறுத்த கோவலர் ஏறுகளோடு கூடிய நிரையை வேறொரு நிலத்திற்கு ஓட்டிச்சென்று மேயவிடுகின்றனர். அந்நிலம் வெள்ளம் எட்டாத மேடாகவே இருத்தல் வேண்டும். பழகிய இடத்தைப் பிரிந்த வருத்தம் அவர்களை வாட்டுகின்றது. சூடிய வெண்காந்தட் கண்ணி நீரில் நனைந்து குலைகின்றது. கையில் கொள்ளி ஏந்தியும் குளிர் தணியவில்லை. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. கறவைகள் பாலுண்ண வரும் கன்றுகளை உதைத்துத் தள்ளுகின்றன.

இப்பகுதி கூதிர்ப்பருவ வருணனையாகவே பெரும்பாலும் படிக்கப்படுகின்றது. அதனுள் ஒரு காப்புமுறையும் அடங்கியுள்ளது. வெள்ளம் வரின் நிரை இடம்பெயர்தல் வேண்டும். பெயர்வதற்கு ஓர் இடமும் இருத்தல் வேண்டும். அவ்விடத்தில் மேய்க்க எவரிடமும் இசைவு பெற்றதாகக் குறிப்பில்லை. இலக்கியத்தின் மௌனத்தை முழுச் சான்றாகக் கொள்ளுதல் தகாது எனினும், அது கருதத்தக்கது. மாமல்லபுரத்துக் கோவர்த்தனச் சிற்பத்தில் (கி.பி. 7ஆம் நூற்றாண்டு) மலையின்கீழ் ஒதுங்கிய பசு, பால் கறக்கப்படும்போதே தன் கன்றை நக்குகின்றது. பாட்டில் உதைக்கும் கறவைக்கும் இதற்கும் இடைப்பட்ட வேறுபாடு புகலிடம் ஒன்றே.

1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் உழவுமாடுகள் பெருந்தொகையில் மடிந்தன. மழை திரும்பிய பின்னும் ஏர்பூட்ட மாடில்லை. இசுட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. 1883இல் பஞ்ச நிவாரண விதிகளின் மாதிரித் தொகுப்பு உருவாயிற்று. வறட்சியில் காடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிடுதல் இவ்விதிமுறையில் ஒரு காப்பு நடவடிக்கையாக இடம்பெற்றது. ஆனால், அக்காடுகளை அடைத்தவை 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமுமே. வழக்காக இருந்த மேய்ச்சல், பஞ்சக்காலத்தில் மட்டும் கிடைக்கும் சலுகையாகச் சுருங்கிற்று. 1899–1900இல் புகைவண்டியில் புல் அனுப்பப்பட்டும் குசராத்தில் மாடுகள் பேரளவில் அழிந்தன. புல்லை மாட்டிடம் கொண்டுவருதல், மாடு புல்லைத் தேடிச் செல்வதற்கு ஈடாகவில்லை.

1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்துத் திவிசீமையைக் கடல்நீர் மூடியபோது மக்களோடு கால்நடைகளும் திரளாக மாண்டன. புயலுக்கு முன் கால்நடைகளைக் கட்டவிழ்த்து விடுமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இன்று அறிவுறுத்துகின்றது. கோவலர் மரபுக்கு இயைந்த அறிவுரை இது, எனினும் பாதியே. அவிழ்த்த மாடு ஏறிநிற்க வேண்டிய மேட்டைப் பற்றிய பேச்சு வேறிடத்தில்தான் எழுந்தது. பஞ்சாப் மாநில ஊர்க்குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2011இல் எல்லா மாநிலங்களையும் பணித்தது.