சுவர் ஆடியான வரலாறு

கம்பியில்லாச் செய்திப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் செலுத்தியையும் வாங்கியையும் பற்றியே பெரிதும் பேசுவர். இடையே நிற்கும் சுவரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயின், அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு சுவர் உண்டு. 1888ஆம் ஆண்டில் யேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்றிக் ஹேர்ட்ஸ், விரிவுரை மண்டபச் சுவரில் துத்தநாகத் தகடு பொருத்தி, மின்காந்த அலைகள் அதிற்பட்டுத் தெறித்தலைக் கண்டார்.

அவ்வலைகள் மீற்றர்க் கணக்கில் நீண்டவை. கல்கத்தாப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீற்றர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கி, அக்கருவிகளை 1897இல் இலண்டன் றோயல் நிறுவனத்திற் காட்டினார். எனினும், கடல் கடந்து செய்தி அனுப்ப விழைந்த அக்காலத்துக்கு நெட்டலைகளே உகந்தனவாயின. 1901இல் மார்க்கோனியின் சமிக்ஞை அத்திலாந்திக்கைத் தாண்டியது. மில்லிமீற்றர் அலைகளோ நெடுங்காலம் பெரும்பாலும் ஆய்வுகூடத்துள்ளேயே தங்கின.

செய்தியின் அளவு பெருகவே, அவை மீண்டும் வேண்டப்பட்டன. ஐந்தாந் தலைமுறைக் கைத்தொலைபேசிக்குரிய பட்டைகளுள் 28 கிகாஹேர்ட்ஸ் ஒன்று. அதன் அலைநீளம் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர். இத்தகைய அலை மிகுந்த செய்தியைச் சுமக்கும். ஆனால், கற்சுவரோ மனித உடலோ குறுக்கிட்டால் தளர்ந்துவிடும். விளக்கெரியும் வீட்டிலும் இருண்ட மூலை இருத்தல்போல, இவ்வலைக்கும் நிழலுண்டு.

அந்நிழலை நீக்கும் வழி படிப்படியாக உருவாயிற்று. 1963இல் பெரி, மலெக், கெனடி என்னும் மூவர், நீளம் வேறுபட்ட குறுங்குழாய்களை அடுக்கி, வளைந்த ஆடியின் தொழிலைத் தட்டையான பரப்புச் செய்யுமெனக் காட்டினர். 2011இல் ஹாவார்டில் கப்பாசோ குழுவினர், அலைநீளத்தினுஞ் சிறிய உறுப்புகள் பதித்த பரப்பில் தெறிகோணம் படுகோணத்துக்குச் சமமாதல் வேண்டியதில்லையென நிறுவினர். 2014இல் சீனாவின் நான்ஜிங்கில் சுய் தியேசுன் குழுவினர், ஒவ்வோர் உறுப்பிலும் இருவாயி வைத்து, அதனை 0, 1 என மாற்றும் பரப்பை விளக்கினர். உறுப்புதோறும் தெறிக்கும் அலையின் அவத்தை மாற, அனைத்தும் வேண்டிய திசையில் ஒன்றுகூடும். 2020இல் யப்பானிய நிறுவனமான டொகோமோ, 28 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தெறிக்கவும் உட்புகவும் விடத்தக்க ஒளிபுகு பரப்பொன்றைச் சோதித்தது.

இப்பரப்புத் தானாக வலுவைக் கூட்டுவதன்று. அலை இருவழித் தூரத்திலும் நலிவதால் பரப்பு அகன்றதாதல் வேண்டும். நடமாடும் வாங்கியின் இடத்தையும் இடைவிடாது அறிதல் வேண்டும். இக்குறைகள் இன்னும் முற்றாகத் தீரவில்லை.

எனினும் ஒன்று தெளிவு. இரு முனைகளை மட்டுமே திருத்தலாம், இடைவெளி இயற்கை தந்தபடியே என்றிருந்த எண்ணம் தளர்ந்துவிட்டது. அன்று பயனற்றதென ஒதுங்கிய போஸின் அலைக்கு, ஹேர்ட்ஸின் சுவரே இன்று வழிகாட்டுகின்றது. உடனடிப் பயனை மட்டுமே அறிவின் அளவுகோலாகக் கொள்ளுதல் எத்துணைப் பிழையென்பதை மாணவர் இதனாலுணர்வாராக.