பல அடையாளங்களின் இணைப்பு: பெர்த்தியோன் முதல் ஆதார் வரை

ஒருவரை இன்னார் என உறுதிசெய்ய ஓர் உடற்கூறு போதுமா, பல வேண்டுமா என்னும் வினா கணினிக் காலத்திற்கு முற்பட்டது. பாரிசு நகரக் காவல்துறையில் எழுத்தராக இருந்த அல்போன்சு பெர்த்தியோன் 1879இல் இதற்கு விடைகாண முற்பட்டார். தலையின் நீள அகலம், இடக்கால் பாதம், நடுவிரல், முன்கை உள்ளிட்ட 11 அளவுகளையும், நேர்முக, பக்கமுக ஒளிப்படங்களையும், தழும்பு, மச்சக் குறிப்புகளையும் அவர் ஒரே அட்டையில் சேர்த்தார். ஓரளவு இருவருக்குப் பொருந்தலாம். பதினொன்றும் பொருந்துதல் அரிது. பல்லுணரி இணைப்பு என இன்று வழங்கும் கோட்பாட்டின் கரு இதுவே எனலாம்.

ஆயினும் அளப்பவர் கை மாறியபோது அளவும் மாறியது. வங்காளத்தில் இம்முறையை முதலில் ஏற்ற எட்வர்டு ஹென்றியே பின்னர் விரல்ரேகைக்கு மாறினார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியக் காவல் அலுவலர்களின் பங்கு பெரிது. முறைக்கு நிலைத்த பெயரோ ஹென்றியினுடையது. பல அளவுகளை ஒரே அடையாளம் வென்ற காலம் அது.

இணைப்பு மீண்டும் தேவைப்பட்டது எண்ணிக்கையின் பெருக்கத்தால். 2010 செப்டம்பர் 29இல் மகாராட்டிரத்தின் தெம்பலி சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் ஒருவரே இருமுறை பதிவாவதைத் தடுக்க ஒரு விரல் போதாது. உழைப்பில் ரேகை தேய்ந்தோரும் பலர். ஆகவே பத்து விரல்கள், இரு கருவிழிகள், முகம் ஆகியவை ஒருங்கே பதிவாயின.

இங்கு ஆய்வாளர் அதிகம் கருதாத வேறுபாடு ஒன்று உண்டு. பதிவின்போது இணைக்கப்பட்ட உணரிகள், நியாயவிலைக் கடையில் சரிபார்க்கும்போது பெரும்பாலும் ஒரு விரலாகச் சுருங்கின. இரட்டைப் பதிவை நீக்குதல் அரசின் தேவை. அதற்குப் பல அடையாளங்கள் ஒதுக்கப்பட்டன. அரிசி பெறுதல் குடிமகனின் தேவை, அதற்கு ஒன்றே. ரேகை தேய்ந்த முதியவரின் கருவிழிப் பதிவு தரவகத்தில் இருந்தும், கருவிழி உணரி இல்லாத கடையில் அது அவருக்குப் பயன்படவில்லை.