அல்பசீத்தின் மடக்குக் கத்தி

ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டுக்குத் தென்கிழக்கே, லா மஞ்சாவின் பரந்த சமவெளியில் அல்பாசெத்தே என்னும் நகரம் இருக்கிறது. அரபு மொழியில் அதன் பெயர் 'அல்பசீத்'. சமவெளி என்பதே அதன் பொருள். மக்களுக்கு அப்துல் பாஸித் என்று பெயரிட்டு அழைக்கும் நமக்கு அச்சொல்லின் வேர் புதியதன்று. அந்தலுஸ் வரலாற்றில் இவ்வூர்ப் பெயர் அடிபடும் இடம் ஒன்றுண்டு. பனூ ஹூத் வமிசத்து ஸைஃபுத் தவ்லா 1146ஆம் ஆண்டில் போர்க்களத்தில் உயிர்நீத்தது இவ்வூர்ப் பகுதியிலேதான். அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அச்சமவெளி கஸ்தீலிய மன்னரின் ஆட்சிக்குள் சென்றுவிட்டது.

இன்று அந்நகரின் புகழ் அரசர்களால் வந்ததன்று. அங்குள்ள கத்திக் கொல்லர்களால் வந்தது. 'நவாஹா' என வழங்கும் மடக்குக் கத்தியே அவர்களுடைய கைவண்ணம்.

அதைச் செய்யப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. உலை, துருத்தி, பட்டடைக்கல், சம்மட்டி, குறடு, அரம், துளையிடும் கருவி, சாணைக்கல் ஆகியவை போதும். எஃகுத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி அடித்து நீட்டுவார்கள். அரத்தால் அராவி அலகின் வடிவத்தைக் கொண்டுவருவார்கள். அடிப்பகுதியில் அச்சாணிக்குத் துளையிட்டு, அதைச் சுற்றிப் பற்கள் வெட்டுவார்கள். பின்னர் மீண்டும் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துவார்கள். நம் நாட்டுக் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். அமிழ்த்திய எஃகு கண்ணாடி போல் கடினமாகும்; கண்ணாடி போலவே உடையவும் செய்யும். ஆகவே அதை இளஞ்சூட்டில் மறுபடி வாட்டுவார்கள். அப்போது எஃகின் மேல் வைக்கோல் நிறம் தோன்றும். சூடு ஏற ஏற அது நீலமாக மாறும். அலகுக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். வளைந்து நிமிர வேண்டிய வில்லுக்கு நீலம் வரை விட வேண்டும். வெப்பமானி இல்லாத பட்டறையில் கொல்லனின் கண்ணே அளவுகோல்.

மாட்டுக் கொம்பைச் சூடாக்கி இளக்கி, அழுத்தித் தட்டையாக்கிப் பிடி செய்வார்கள். பித்தளைப் பூண் இட்டு, ஆணி செருகி, அதன் முனைகளைத் தட்டி மழுக்குவார்கள். கத்தியைத் திறக்கும்போது முதுகிலுள்ள வில் ஒவ்வொரு பல்லிலும் விழுந்து 'கர்ர்ர்' என ஒலிக்கும். அவ்வோசையையொட்டியே அந்தப் பூட்டுக்குக் 'கர்ராக்கா' என்று பெயர். வில்லைத் தூக்கினாலன்றிக் கத்தி மடங்காது. பிடித்தவர் விரல் தப்புவது அதனால்தான்.

ரொட்டி நறுக்கவும் கயிறு அறுக்கவும் உழவரும் மாடு மேய்ப்பவரும் மடியில் வைத்திருந்த கருவி இது. ஆயினும் சண்டைக்காரர் கையிலும் அது அகப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் அரசர்கள் மீண்டும் மீண்டும் தடையாணை பிறப்பித்தார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமே 1845இல் எழுதிய 'கார்மென்' கதையிலும் கொலைக் கருவி கத்தியே. உழைப்பவனின் துணை கொலைஞனின் அடையாளமாகச் சித்திரிக்கப்பட்டது. அத்தனைக்கும் பிறகும் பட்டறைகள் அணையவில்லை. 1855இல் இருப்புப்பாதை வந்தது. இடுப்பில் அகன்ற வார் கட்டி, அதில் கத்திகளைச் செருகிய வணிகர்கள் நிலையத்தில் பயணிகளுக்கு விற்றார்கள். 1993ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 11 சென்டிமீட்டரை மிஞ்சிய அலகுள்ள மடக்குக் கத்தியைப் பயன்படுத்தத் தடை விதித்தன. 2004இல் இக்கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அந்நகரில் திறக்கப்பட்டது.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்தலுஸ் என்றதும் நம் உள்ளம் பெருமிதத்தால் பூரிக்கிறது. ஊரின் பெயர் அரபு. எனவே கத்தியும் நம்முடையதே என்று மேடையில் முழங்கிவிடலாம். ஆனால், 'நவாஹா' என்னும் சொல் சவரக் கத்தியைக் குறிக்கும் 'நொவாகுலா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஊருக்கு அரபுப் பெயர், கருவிக்கு இலத்தீன் பெயர்! இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே வரலாறு. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டுவது வரலாறாகாது.

நம்மைப் பற்றி மட்டுமே இதைச் சொல்லவில்லை. 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்களை நாட்டை விட்டே வெளியேற்றிய ஸ்பெயின் அரசும் தன் பாதி வரலாற்றைத் துடைத்தெறிய முயன்றது. மனிதர்களைக் கப்பலேற்றி அனுப்ப முடிந்தது. ஊரின் பெயரை அனுப்ப முடியவில்லை. சமவெளி இன்றும் அரபுச் சொல்லாலேயே தன்னை அழைத்துக்கொள்கிறது.

எஃகை மிகக் கடினமாக்கினால் உடையும். மிக இளக்கினால் கூர் நில்லாது. முன்னோர் பெருமையைப் பேசும் நம் நாவுக்கும் அந்தப் பக்குவம் வேண்டும். நம்முடையதை நம்முடையது என்று தயங்காமல் சொல்வோம். பிறருடையதைப் பிறருடையது என்று மனமுவந்து ஒப்புவோம். இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே கற்பிப்போம்.