சீதனம், படிப்பு, சம்பளம்



அண்மையில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு அம்மம்மா கேட்டா: "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் தம்பி இவ்வளவு படிப்பு? கடைசியில குசினிதானே?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்தில், 1706-1707 இல், யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் 'தேசவழமை' என்று தொகுத்து எழுதினார்கள். ஆண்வழி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பது பழைய முறை. ஆகவே எங்கட பெண்களுக்குச் சொத்து இருந்தது. ஆனால் அந்தக் காணியை விற்பதென்றால் புருஷனின் சம்மதம் வேண்டும். சொத்து அவளுடையது, முடிவு அவளுடையதல்ல.

படிப்பு பிறகுதான் வந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்குச் செமினரி தொடங்கினார்கள். அடுத்த வருஷமே, 1824 இல், ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பெற்றோர் பிள்ளைகளை விட முதலில் பின்நின்றார்கள். படித்த மாப்பிள்ளைமார் படித்த பெண்களைத் தேடத் தொடங்கிய பிறகு மனம் மாறியது. சைவப் பெண்களுக்காக சேர் பொன். இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் கல்லூரி அமைத்தார். 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மகனைப் படிப்பித்தால் அரசாங்க உத்தியோகம், சீதனம் என்று போட்ட காசு வீட்டுக்குத் திரும்பி வரும். மகளின் படிப்பு இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். படிப்பு இலவசமானதும் இந்தக் கணக்கின் ஒரு பக்கம் சரிந்தது. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் வேலைக்குப் போகும் அல்லது வேலை தேடும் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேர் அளவில். படிப்புக் கதவு திறந்தது, வேலைக் கதவு பாதிதான் திறந்தது.

டென்மார்க்கும் ஒரே நாளில் மாறிய நாடல்ல. 1875 இல்தான் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் பெண்களுக்குத் திறந்தது. நீல்சின நீல்சன் 1885 இல் முதல் பெண் வைத்தியராக வெளியே வந்தார். சமசம்பளச் சட்டம் 1976 இல் வந்தது.

அப்படியென்றால் இங்கே எல்லாம் சமமா? 2019 இல் கிளேவன், லண்டே, சோகோ என்ற மூன்று பொருளியலாளர்கள் டெனிஷ் அரசாங்கப் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதல் பிள்ளை பிறக்கும் வரை ஆண், பெண் வருமானம் ஒரே போக்கில் போகிறது. பிறந்ததும் தாயின் வருமானம் சடாரென விழுகிறது, தகப்பனுடையது அசைவதேயில்லை. பல வருஷம் கழித்தும் சுமார் 20 சதவீத இடைவெளி நிற்கிறது. இதே துறையில் ஆராய்ந்த குளோடியா கோல்டினுக்கு 2023 இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த டெனிஷ் ஆய்வில் என்னைத் தொட்டது வேறொன்று. ஒரு பெண்ணின் இழப்பு எவ்வளவு என்பது, அவள் வளர்ந்த வீட்டில் தாயும் தகப்பனும் உழைப்பை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதோடு தொடர்புடையதாம்.

எங்கட வீட்டை நினைத்துப் பார்த்தேன். வந்த புதிதில் மொழிப் பள்ளிக்கு முதலில் நான் போனேன். ஆறு மாதத்தில அவ போகட்டும் எண்டு பேசிக் கொண்டம். மூத்தவள் பிறந்தாள், பிறகு சின்னவன். அந்த ஆறு மாதம் ஏழு வருஷமாயிற்று. ஊரில் ரீச்சராக இருந்தவ, மொழி தேவைப்படாத துப்புரவு வேலைக்கு விடியப்புறம் சைக்கிளில் போனா. "ஏன் நீ மட்டும்?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மகள் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள்.

ஆகவே பெற்றோரே, மகளைப் படிப்பித்தால் மட்டும் போதாது. மகனையும் குசினிக்குக் கூப்பிடுங்கள். 2022 ஓகஸ்ட் தொடக்கம் வேலைசெய்யும் தகப்பனுக்கென்றே 11 கிழமை பிள்ளைப் பராமரிப்பு லீவை இந்த நாடு ஒதுக்கியிருக்கிறது. எங்கட பெடியள் அதை வெட்கப்படாமல் எடுக்கட்டும்.

அந்த அம்மம்மாவுக்கு என் பதில் இதுதான்: குசினி இருக்கட்டும் அம்மா, அதில் இரண்டுபேர் நிற்கட்டும்.