நிகழ்வு நினைவும் மூளைப் பகுதிகளும்

நிகழ்வு நினைவு என்பது, தமக்கு நேர்ந்த ஒன்றை இடத்தோடும் காலத்தோடும் ஒருவர் மறுபடி மனத்தில் காணும் திறன். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான் என்பது செஞ்சிக்காரர்கள் கதைப்பாடலிலும் பாடப்புத்தகத்திலும் கேட்டறிந்த செய்தி. பள்ளிச் சுற்றுலாவில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறும்போது உச்சியருகே பாறைப் பிளவின்மேல் போட்ட பாலத்தில் கால் நடுங்கியதும், கைப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கியதும் வேறு வகை. முன்னதைப் பொருள் நினைவு என்றும் பின்னதை நிகழ்வு நினைவு என்றும் 1972இல் பிரித்தவர் கனடிய உளவியலாளர் எண்டல் டல்விங்.

நினைவு மூளையில் எங்கே இருக்கிறது என்ற தேடல் அதற்கும் மூத்தது. அமெரிக்கர் கார்ல் லாஷ்லி எலிகளின் மூளைப் புறணியைப் பகுதி பகுதியாக வெட்டிப் பார்த்தார். எங்கே வெட்டினோம் என்பதைவிட எவ்வளவு வெட்டினோம் என்பதே முக்கியமாகத் தெரிந்தது. நினைவுக்கெனத் தனி இடம் கிடைக்கவில்லை என்று 1950இல் எழுதினார்.

மூன்றே ஆண்டில் நிலைமை மாறியது. தீராத வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு 1953இல் அறுவை நடந்தது. பொட்டு மடலின் உட்பகுதியும் அதிலிருந்த ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் இரு பக்கமும் அகற்றப்பட்டன. வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக நடந்த எதுவும் மனத்தில் தங்கவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது, அதை முன்பு செய்த நினைவோ அவருக்கு இல்லை. கைப்பழக்கமும் நிகழ்வு நினைவும் வெவ்வேறு வழியில் இயங்குவது அப்போது தெளிவானது. பல ஆண்டு தம்மைச் சோதித்த மில்னரையே அவர் ஒவ்வொரு முறையும் புதியவராகத்தான் எதிர்கொண்டார். 2008இல் இறக்கும்வரை உலகம் அவரை ‘எச்.எம்.’ என்றே அறிந்திருந்தது.

ஹிப்போகாம்பஸோடு அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்கும் நினைவில் பங்குண்டு. சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களில் அவரும் வி. பாலசுப்பிரமணியமும், கட்டுக்கடங்காத மூர்க்கம் கொண்ட நோயாளிகளுக்கு அமிக்டலாவின் ஒரு பகுதியை அழிக்கும் அறுவையைச் செய்தார்கள். இன்றைய மருத்துவ அறத்தின்படி அது பெரிதும் கேள்விக்குரியது. அச்சமும் பதற்றமும் கலந்த நிகழ்வை அழுத்தமாகப் பதியவைப்பது இந்த அமிக்டலாதான். குரங்கு பிடுங்கியது மறக்காமலிருப்பது அதனால்தான். பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வைத்தபோது ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவில் வளர்ந்தன. நீண்ட மன அழுத்தத்தில் பயம் கூடி விவரம் மங்குவதை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது.

இடத்தின் பங்கை 1971இல் நரம்பியலாளர் ஜான் ஓகீஃப் காட்டினார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் ஹிப்போகாம்பஸ் செல்களை அவர் கண்டார். மோசர் தம்பதியர் 2005இல் அதன் அண்டைப் பகுதியில், இடத்தைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் கட்டச் செல்களைக் கண்டறிந்தார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலருகே செல்களின் ஒரு கூட்டமும் நெற்களஞ்சியத்தருகே வேறொரு கூட்டமும் துடிப்பதாகக் கொள்ளலாம்.

நினைவுகூரும்போது பார்த்தது பார்வைப் புறணியிலும் கேட்டது செவிப் புறணியிலும் மீண்டும் எழ, அவற்றை ஹிப்போகாம்பஸ் கோக்கிறது. எது முன், எது பின், இது நடந்ததா கேட்டதா என்று சரிபார்ப்பது முன்நெற்றிப் புறணி. அது பழுதானால் சிலர் நடக்காததையும் நடந்ததாகச் சொல்வார்கள், பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாமலே.

பழைய நினைவு காலப்போக்கில் ஹிப்போகாம்பஸைச் சாராமல் புறணியில் நிலைக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மொலைசன் சிறுவயதுச் செய்திகளைச் சொன்னார்; ஆனால் ஏதாவது ஒரு நாளை விவரமாகச் சொல்லச் சொன்னால் பெரிதும் திணறினார். ஆய்வாளர்கள் நாடெலும் மாஸ்கோவிச்சும் 1997இல் முன்வைத்த மாற்றுக் கோட்பாட்டின்படி, எவ்வளவு பழைய நினைவானாலும் அதன் விவரங்களுக்கு ஹிப்போகாம்பஸ் தேவை.