எந்தப் படகுல ஏறலாம்?

போன செப்டம்பர்ல ஆபீஸ் வேலையா சியாட்டில் போயிருந்தேன். சனிக்கிழமை திமிங்கிலம் பாக்கப் போலாம்னு கூட வேலை பாக்குற நாலு பேரும் முடிவு பண்ணிட்டாங்க. படகு பாத்து டிக்கெட் போடுற பொறுப்பு மட்டும் என் தலையில. எக்செல் ஷீட் போடத் தெரிஞ்சவன்னு பேர் வாங்கினா இதான் கதி :-)

ரெண்டு வகைப் படகு இருந்துச்சு. ஒண்ணு காத்தடைச்ச ரப்பர் படகு. பத்து பன்னெண்டு பேர்தான் ஏறலாம், பேய் வேகம், தண்ணி மட்டத்துலயே உக்காந்து பாக்கலாம். இன்னொண்ணு பெரிய படகு, மெதுவா போகும், உள்ள ஹீட்டர் உண்டு, காபி உண்டு. பசங்க ஓட்டு பூரா ரப்பர் படகுக்குத்தான். நான்தான் ரெண்டு ராத்திரி இழுத்தடிச்சேன். காரணம் கேட்டாங்க. அதைச் சொல்றதுக்கு மணப்பாட்டுல ஆரம்பிக்கணும்.

எங்க ஊர் ஸ்ரீவைகுண்டத்துல தாமிரபரணி உண்டு, கடல் கிடையாது. ஆனா திமிங்கிலக் கதை எங்க வீட்டுல உண்டு. 1973 ஜனவரி 14, பொங்கல் நேரம். மணப்பாடு பக்கம் 147 திமிங்கிலம் கூட்டமா கரை ஒதுங்குச்சு. எங்க ஆச்சிக்கு அப்போ கல்யாணம் ஆன புதுசு. பஸ் பிடிச்சு ஊரே போய் பாத்துருக்கு. "மாடு மாதிரி மூச்சு விட்டுச்சுய்யா" அப்படின்னு இன்னைக்கும் சொல்லுவா.

சின்ன வயசுல நான் அதை நம்பல. 43 வருஷம் கழிச்சு, 2016 ஜனவரி 11 ராத்திரி, அதே கடற்கரை, அதே பொங்கல் நேரம், மறுபடி வந்துச்சு. நான் அப்போ இன்ஜினியரிங் முதல் வருஷம், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பெரியப்பா பைக்ல கல்லாமொழிக்குப் போனோம். எண்பதுக்கும் மேல ஒதுங்கினதுல பாதிக்கு மேல செத்துப்போச்சு. ஆச்சி சொன்ன அதே மூச்சு. புஃப்ஃபுன்னு ஒண்ணு, ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு.

மீனவர்கள் சும்மா நிக்கல. கயிறு கட்டிப் படகுல இழுத்துட்டுப் போய் கடல்ல விட்டாங்க. விட்டதுல பல உருப்படி திரும்பக் கரைக்கே வந்துச்சு. "கிறுக்குப் பிடிச்ச மீனு" அப்படின்னாரு பக்கத்துல நின்ன ஒருத்தர். எனக்கும் அப்போ அப்படித்தான் தோணுச்சு.

கிறுக்கு இல்லைன்னு பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சுது. ரெண்டு தடவையும் வந்தது குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலம். பேர்தான் திமிங்கிலம், உண்மையில ஓங்கில் குடும்பம். தாய்வழிக் கூட்டமா வாழுற ஜீவன். பெட்டைக்கு நாப்பது வயசுக்குள்ள பிள்ளைப்பேறு நின்னுடும், ஆனா அதுக்கப்புறமும் அறுபது வயசு வரைக்கும் உயிரோட இருக்கும். அதாவது கூட்டத்துல ஆச்சிங்க உண்டு. கரையில சொந்தம் கிடக்கும்போது, ஒண்ணை மட்டும் இழுத்துக் கடல்ல விட்டா அது எங்க போகும்?

சரி, சியாட்டிலுக்கு வருவோம். அங்க எல்லாரும் பாக்கப் போறது ஓர்கா. அதுவும் இதே ஓங்கில் குடும்பம், அதுலயும் ஆச்சி ராஜ்ஜியம்தான். பேத்தி பேரன் பிழைக்கிறதுக்கு ஆச்சி உயிரோட இருக்கிறது உதவுதுன்னு 2019ல ஒரு ஆய்வே வந்துச்சு. ஆனா அந்தத் தண்ணியில படகுகளோட சரித்திரம் அவ்வளவு நல்லா இல்லை.

1960கள்ல அங்க படகு ஓர்காவைத் தேடிப் போனது வேடிக்கை பாக்க இல்லை, பிடிக்க. மீன்காட்சி சாலைக்கு விக்கிறதுக்கு. 1970 ஆகஸ்ட் 8, பென் கோவ்னு ஒரு சின்ன விரிகுடா. வேகப் படகு, விமானம், வெடி எல்லாம் வச்சு எண்பதுக்கும் மேல ஓர்காவை விரட்டி அடைச்சாங்க. தாயையும் குட்டியையும் வலை போட்டுப் பிரிச்சாங்க. ஏழு போச்சு விலைக்கு. வலையில சிக்கிச் செத்ததோட வயித்தைக் கிழிச்சு, பாரம் கட்டி, கமுக்கமா கடல்ல அமுக்கினாங்க. பின்னாடி அது கரையில மிதந்து வந்துதான் ஊருக்கே தெரிஞ்சுது. அன்னைக்கு வித்ததுல ஒண்ணுதான் டொக்கிட்டே. 2023 ஆகஸ்ட்ல மயாமியில தொட்டிக்குள்ளயே செத்துச்சு. 53 வருஷம்!

கடல்ல ஆயிரக்கணக்குல இருக்கு, கொஞ்சம் எடுத்தா என்னன்னுதான் அப்போ நினைப்பு. கனடாவுல மைக்கேல் பிக் 1971ல எண்ண ஆரம்பிச்சாரு. முதுகுத் துடுப்பைப் போட்டோ எடுத்து ஒவ்வொண்ணா அடையாளம் வச்சு, சில நூறுதான் இருக்கு, அதுவும் குடும்பம் குடும்பமா இருக்குன்னு காட்டினாரு.

1976 மார்ச்ல ஒலிம்பியா பக்கம் இன்னொரு வேட்டை. அந்த நேரம் பாய்மரப் படகுல சும்மா உலாத்திட்டு இருந்த ரால்ஃப் மன்றோ அதைக் கண்ணால பாத்துட்டாரு. மாநில கவர்னரோட உதவியாளர் அவர். மாநிலமே கோர்ட்டுக்குப் போச்சு, வாஷிங்டன் தண்ணியில ஓர்கா பிடிக்கிறது அதோட நின்னுச்சு. என்னைக் கேட்டா அந்தக் கடல்ல ஓடினதுலயே நல்ல படகு அந்தப் பாய்மரம்தான்.

அப்புறம் வந்ததுதான் இந்த டிக்கெட் படகு. அமெரிக்காவுல இந்தத் தொழில் 1955லயே சான் டியேகோவுல ஆரம்பிச்சது, ஆளுக்கு ஒரு டாலர். கொல்றதுக்கும் பிடிக்கிறதுக்கும் இது எவ்வளவோ தேவலைதான். ஆனா ஓர்கா இரை தேடுறது காதால. சத்தம் விட்டு எதிரொலி கேட்டு சால்மன் மீனைப் பிடிக்கும். சுத்தி நாலு இன்ஜின் உறுமினா எதைக் கேக்கும்? அங்கேயே குடியிருக்கிற தென்கூட்டத்தை 2005ல அழியும் நிலைப் பட்டியல்ல சேத்தாங்க. இன்னைக்கு 80 கூட இல்லை. 2018ல அதுல ஒரு தாய், செத்த குட்டியை 17 நாள் தள்ளிக்கிட்டே சுத்துச்சே, ஞாபகம் இருக்கா?

அதனால படகு தள்ளி நிக்க வேண்டிய தூரம் ஏறிக்கிட்டே வந்துச்சு. 2008ல 100 கெஜம், 2011ல 200, 2019ல 300. 2025 ஜனவரியிலிருந்து தென்கூட்டத்துக்கு மட்டும் 1,000 கெஜம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

இதெல்லாம் படிச்சப்புறம் என் எக்செல்ல விலை, வேகம்ங்கிற காலத்தைத் தூக்கிட்டு மூணு கேள்வி போட்டேன். எவ்வளவு தூரத்துல நிப்பாட்டுவீங்க? இன்ஜினை அணைப்பீங்களா? ஏற்கெனவே அங்க வேற படகு நின்னா என்ன பண்ணுவீங்க? ரப்பர் படகோ பெரிய படகோ, நேரா பதில் சொல்றவன் படகுல ஏறலாம். "எவ்வளவு கிட்டன்னாலும் போவோம் சார்" அப்படின்னா வேண்டாம். நாங்க ஏறினது மெதுவா போற பெரிய படகு. பசங்க என்னைத் தாத்தான்னு கூப்பிட்டாங்க. பரவாயில்லை.

குளிர்னா அப்படி ஒரு குளிர். ரெண்டு மணி நேரம் கழிச்சு கேப்டன் மைக்ல, தூரத்துல தென்கூட்டம் வருது, நாம விலகிப் போறோம்னு சொல்லிட்டு படகைத் திருப்பினாரு. காசு கொடுத்தவங்க முணுமுணுத்தாங்க. கொஞ்ச நேரத்துல சீல் தின்ற இன்னொரு வகை ஓர்கா நாலு வந்துச்சு. மைக்கேல் பிக் பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. 200 கெஜத்துக்கு வெளியவே நின்னு இன்ஜினை அணைச்சாங்க. எல்லாரும் கப்சிப்.

புஃப்ஃப்.

கல்லாமொழி மணல்ல கேட்ட அதே சத்தம். இது மட்டும் நிக்காம, அடுத்தடுத்து, நகர்ந்துக்கிட்டே போச்சு.

ராத்திரி ஆச்சிக்கு போன் போட்டேன்.

"பாத்தியாய்யா?"

"தூரத்துல பாத்தேன் ஆச்சி. கிட்டப் போகல."

"கரைக்கு வரலைல்லா?"

"வரல. கூட்டமா போயிருச்சு."

"அது போதும்யா" அப்படின்னா.