ஏட்டில் ஏறாத துப்பாக்கி

ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கி, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வரை வருவது ஓசூர் வட்டாரத்துக்குப் பழகிப்போன சங்கதி. காட்டுப்பன்றித் தொல்லை தனி. எனவே இங்கே துப்பாக்கி என்றால் முதலில் பயிர்க்காவல்தான் நினைவுக்கு வரும். (உரிமம் இருந்தாலும் யானையைச் சுட அது அனுமதி ஆகாது.) ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கலெக்டர் ஆபீஸில் கணக்கு உண்டு என்ற நம்பிக்கையும் கூடவே உண்டு. அப்படியொரு முழுக்கணக்கு இந்நாட்டில் எக்காலத்திலும் இருந்ததில்லை. அரசு எழுதிவந்தது ஆளுக்குக் கொடுத்த அனுமதியை. துப்பாக்கி அந்த அனுமதியின் வால் பிடித்து ஏட்டுக்குள் வந்தது.

இதன் வேர் பழையது. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பாளையக்காரர்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது நோக்கம் கணக்கெடுப்பதல்ல, பிடுங்குவது. வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் ஆட்களைப் பிரித்தது: ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்ஸ். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் இச்சட்டத்தைத் தளர்த்தக் கேட்டுத் தீர்மானம் போட்டது. காந்தியும் பின்னாளில் இதைக் கடுமையாகச் சாடினார். விடுதலைக்குப் பின் வந்த 1959 சட்டம் 1962 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் ஆளுக்கே உரிமம் என்ற அடிப்படையை அப்படியே வைத்துக்கொண்டது.

உரிமப் புத்தகத்தைப் பிரித்தால் இது விளங்கும். முன்பக்கங்களில் உரிமக்காரரின் பெயர், படம், எந்த எல்லைக்குள் செல்லும் என்ற குறிப்பு. பிறகு துப்பாக்கியின் வகையும் எண்ணும். அதன்பின் வாங்கிய தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, கடைக்காரரின் முத்திரை. அப்பா இறந்தால் துப்பாக்கி தானாக மகனுடையதாகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். மகன் தன் பெயரில் உரிமம் வாங்கவேண்டும். அதுவரை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். விற்பதென்றாலும் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழியவேண்டும். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்வது பறிமுதல் அல்ல, தற்காலிக வைப்பு. உரிமம் தரும் அதிகாரமும் இப்பகுதியில் இடம் மாறியபடி வந்திருக்கிறது: சேலம் ஆட்சியரிடம் இருந்தது 1965இல் தர்மபுரிக்கும், 2004இல் கிருஷ்ணகிரிக்கும் வந்தது. பல மாவட்டங்களில் கட்டுக்கட்டாகக் கிடந்த இந்த உரிம விவரங்களை ஒரே தேசியத் தரவுத்தளத்தில் சேர்க்கும் விதி வந்ததே 2012இல்தான்.

அப்படியானால் மலையோரக் கிராமங்களில் கிடைக்கும் நாட்டுத் துப்பாக்கி? உள்ளூர்ப் பட்டறையில் குழாயைக் கட்டையில் பொருத்திச் செய்தது. அதற்கு எண்ணும் இல்லை, ரசீதும் இல்லை. போலீசும் வனத்துறையும் அவ்வப்போது "ஒப்படைத்துவிடுங்கள்" என்று அறிவிப்பதே அவை ஏட்டில் இல்லை என்பதற்குச் சான்று. இத்தனைக்கும் பயிர் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க 1959 சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. இப்படி ஏட்டுக்கு வெளியே துப்பாக்கிகள் இருப்பதால் ஏடே வீண் என்று சிலர் வாதிடுவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. எண்ணுள்ள துப்பாக்கி திருடுபோனால் யாரிடமிருந்து போனது என்று சொல்ல இந்த ஏட்டை விட்டால் வேறு ஆதாரமில்லை. தோட்டாக் கணக்கும் அதில்தான் நிற்கிறது. ஏடு தன் வேலையைச் செய்கிறது. அதனிடம் ஊரிலுள்ள மொத்தத் துப்பாக்கியின் தொகையைக் கேட்பதுதான் பிழை.

கர்நாடகத்தில் குடகர்களுக்குப் பதிவே வேண்டாமே என்பது எல்லைப்புறத்தில் எடுபடும் வாதம். 1963ஆம் ஆண்டு அறிவிக்கை குடகு இனத்தாருக்கும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்றது உண்மை. 2019இல் மத்திய அரசு இச்சலுகையை 2029 வரை நீட்டியது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அதை ஏற்றது. ஆனால் விலக்குப் பெற்றவர் கையில் விலக்குச் சான்றிதழ் இருக்கவேண்டும். அதை வழங்குவதும் மாவட்ட நிர்வாகம்தான்.